கல்யாண வாசலில் நின்றுபோகும் கார்

மாக் ஊடா சல்பியாவின் கார் எந்தக் கல்யாண வீட்டு வாசலில் இருமி நிற்கிறதோ, அந்தக் கல்யாணம் வருஷம் திரும்புவதற்குள் முறிந்துவிடும் என்று எங்கள் தைப்பிங் ஊரில் ஒரு பேச்சு கிளம்பியது. நான் அதைக் கேட்டது மார்க்கெட்டில், மீன் வெட்டித் தரும் பெண்ணிடம். அவள் கேட்டது கோழிக்கடையில். கோழிக்கடைக்காரரிடம் போனால், “நீங்கதானே சொன்னதா சொன்னாங்க?” என்று என்னையே திருப்பிக் கேட்டார். நான் சொல்லவில்லை. ஆனால் சொல்லக்கூடிய ஆள் என்று ஊர் நினைத்ததில் எனக்கு உள்ளூரக் கொஞ்சம் பெருமைதான்.

வாரப் பத்திரிகை ஒன்றில் பத்தி எழுதிப் பிழைக்கிறவன் நான். நாட்டை எப்படி நடத்தலாம், சாலையை எப்படிப் போடலாம், சாம்பாரில் எவ்வளவு புளி கரைக்கலாம் என்று எல்லாவற்றுக்கும் என்னிடம் கருத்து உண்டு. எதற்கும் ஆதாரம் கிடையாது. ஒரு தடவையாவது விசாரித்துவிட்டு எழுதிப் பார்க்கலாமே என்ற விபரீத ஆசை வந்தது. அதன் விளைவுதான் கீழே வருவது.

மாக் ஊடா மணப்பெண் அலங்காரம் செய்கிறவர். மாக் அண்டாம் என்பார்கள். முகம் எழுதுவதோடு அந்த வேலை முடியாது. மாப்பிள்ளை கொம்பாங் மேளத்தோடு வந்து இறங்கும்போது, பெண்ணின் முகத்தை விசிறியால் மறைத்துக்கொண்டு வழியை அடைத்து நிற்பதும் அவர்தான். மாப்பிள்ளைத் தோழன் சுங்கம் கட்டினால்தான் விசிறி இறங்கும். பத்து வெள்ளி நோட்டை நீட்டினால், “இது ஒரு பக்கத்துப் புருவத்துக்கே பத்தாது. மிச்சத்த மூடியே வச்சுக்கவா?” என்பார். கூட்டம் சிரிக்கும். தோழன் சட்டைப் பையைத் தடவுவான்.

இளவயதில் கமுண்டிங்கில் ரப்பர் கையுறைத் தொழிற்சாலையில் இருந்தவர். அங்கே கழிப்பறைக் கண்ணாடி முன்னால் கூட வேலை செய்த பெண்களுக்கு முகம் எழுதிவிட்டு, அப்படியே ஒருத்தியின் கல்யாணத்துக்கும் எழுதி, அப்புறம் தொழிற்சாலைப் பக்கம் போகவே இல்லை. அந்த வருமானத்தில் வாங்கியதுதான் கார். வாங்கும்போதே பழையது. பின் இருக்கையில் மணப்பெண் உடைகள் அடுக்கிய பெட்டி, டிக்கியில் துணிப் பூக்கள், உள்ளே ஏறினால் தாழம்பூவும் தலைமுடி ஸ்பிரேயும் கலந்த ஒரு வாடை. எதிர் வரிசை வீட்டில் இருக்கும் என் காரும் அதே கார், அதே வருஷம். அவருடையது மங்கிய சிவப்பு. என்னுடையது ஒரு காலத்தில் வெள்ளை. என் காரில் பழைய பத்திரிகை வாடை.

விசாரணையைத் தொடங்கினேன். பிரிந்துவிட்டதாக ஊரே சொன்ன முதல் ஜோடியை ஏரிப் பூங்காவுக்குப் பக்கத்தில், ஒரு டுரியான் வண்டியருகே கண்டுபிடித்தேன். பழம் பொறுக்கத் தெரியாத ஜென்மம் என்று அவள் அவனையும், பேரம் பேசத் தெரியாத வாய் எதற்கு என்று அவன் அவளையும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். இவ்வளவு அக்கறையாகச் சண்டை போடுகிறவர்கள் பிரிந்திருக்க வாய்ப்பே இல்லை. ஆனாலும் கடமை இருக்கிறதே. “உங்க கல்யாணம் முறிஞ்சிருச்சான்னு கேட்டுட்டுப் போக வந்தேன்” என்று ஆரம்பித்தேன். இருவரும் உடனே ஒற்றுமையாகி என்னைத் திட்டினார்கள். அந்த ஒற்றுமைக்கு நான் செய்த உதவியை அவர்கள் இன்றுவரை உணரவில்லை.

இரண்டாவது ஜோடி உண்மையாகவே பிரிந்திருந்தது. அந்தப் பெண் ஒரு ரொட்டிக் கடையில் வேலை செய்தாள். கேக்கின் மேல் கிரீம் பிழிந்துகொண்டே சொன்னாள்:

“கார் நின்னது நெஜந்தான். ஒரு தடவ நின்னுச்சு, நாலு பேரு தள்ளுனாங்க, போயிருச்சு. அவன் எந்த வேலையிலயும் நிக்கல. அவன எத்தன பேரு தள்ளுறது?”

“அப்ப காருக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல?”

“அன்னைக்கி மழ கொட்டுச்சு. மழைக்கும் சம்பந்தம்னு எழுதிக்குங்களேன்.”

எழுதிக்கொண்டேன். முதல் ஜோடியின் கல்யாணத்திலும் மழைதான். தைப்பிங்கில் இதெல்லாம் துப்பு ஆகாது. இந்த ஊரில் எந்தக் காரியத்திலும் மழைக்குப் பங்கு உண்டு. இருந்தாலும் என்னிடம் இருந்தது அது ஒன்றுதான்.

அதை எடுத்துக்கொண்டு மாக் ஊடா வீட்டுக்குப் போனேன். கார் நிறுத்தும் கூரைக்குக் கீழே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, மாப்பிள்ளை இடுப்பில் கட்டும் சோங்கெட் துணியை மடித்துக்கொண்டிருந்தார். பானட் மேல் பூனை படுத்திருந்தது.

“வா ஜோதி. நீயும் என் காருகிட்ட குறி கேக்க வந்தியா?”

“சும்மா விசாரிச்சுட்டுப் போலாம்னு, மாக் ஊடா.”

“விசாரி, விசாரி. என் மொதக் கல்யாணத்துக்கு ஏது காரு? பக்கத்து வீட்டு மாப்ள. நடந்தே வந்தான். எதுவும் இருமல, எதுவும் நிக்கல. கல்யாணந்தான் அந்த மழக்காலம் தாண்டல. போயி அதயும் எழுது.”

சிரித்தார். அப்புறம் துணியை மடியில் வைத்துவிட்டுச் சிரிப்பதை நிறுத்தினார். பள்ளி விடுமுறைதான் கல்யாணக் காலம். வழக்கமாக மூச்சுவிட நேரம் இருக்காது. இந்த முறை கூப்பிட்டிருந்த வீடுகள் ஒவ்வொன்றாக நழுவிவிட்டன. ஒருத்தி, தன் தங்கையே அலங்காரம் கற்றுக்கொண்டுவிட்டதாகச் சொன்னாளாம். இன்னொருத்தி போனையே எடுக்கவில்லை. மிஞ்சியிருப்பது சங்காட் ஜெரிங்கில் காக் யோங் ஹமிடா வீட்டுக் கல்யாணம், வருகிற சனிக்கிழமை.

“அவளும் என்ன சொன்னா தெரியுமா? ‘கோவிச்சுக்காத ஊடா. கேட்டு வரைக்கும் கார் நல்லபடியா வந்துச்சுன்னா உள்ள வா. நின்னுச்சுன்னா அப்படியே திரும்பிரு. பொண்ணு மனசு ஒடஞ்சிரும்’ங்கறா.”

“வாடகைக் கார் எடுத்துட்டுப் போயிருங்களேன்.”

“போனா? ஊரு சொல்றது உண்மைதான்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிராதா? இதே கார்ல போவணும், இது நிக்காம போவணும். இந்த வீடும் போச்சுன்னா அடுத்த லீவுக்கு எவ கூப்பிடுவா? மறுபடி கையுறை ஃபேக்டரிக்குப் போயி நிக்கவா, இந்த முட்டிய வச்சுக்கிட்டு?”

“காருக்கு அப்படி என்னதான் செய்யுது?”

“நாலு சிலிண்டர்ல ஒண்ணு நோன்பு புடிக்குது. ரமலான் முடிஞ்சும் விடல. பக்தி ஜாஸ்தி.”

அப்போது வானம் இருட்டி மழை பிடித்துக்கொண்டது. எஞ்சினை ஓடவிடச் சொல்லிவிட்டு, பூனையிடம் மன்னிப்புக் கேட்டு, பானட்டைத் தூக்கினேன். மழை இருட்டில் அது தெளிவாகத் தெரிந்தது. பிளக் வயர்களின் மேல் பொடிப்பொடியாக நீலப் பொறிகள் ஊர்ந்துகொண்டிருந்தன. வயர்களின் தோல் வெயிலிலும் சூட்டிலும் காய்ந்து வெடித்திருந்தது. பிளக்குக்குப் போகவேண்டிய மின்சாரம் பாதி வழியிலேயே ஈரத்தில் கசிந்து பக்கத்து இரும்புக்குத் தாவிக்கொண்டிருந்தது. ஓட்டத்தில் தெரியாது; வேகம் குறைந்து வாசலில் நிற்கும்போதுதான் எஞ்சின் தடுமாறி அணையும்.

மாக் ஊடா என் தோளுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, “ஜின்னா?” என்று கேட்டார்.

“வயரு.”

“அல்ஹம்துலில்லா. ஜின்னுக்கு ஸ்பேர் பார்ட்ஸ் கெடைக்காது.” உடனே தெளிந்துவிட்டார். “அப்ப காலையில ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டு போயிர்றேன்.”

நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் இந்தக் கட்டுரை இங்கேயே நல்லபடியாக முடிந்திருக்கும். “இதுக்குப் போயி ஒர்க்‌ஷாப்பா? நாலு பிளக், நாலு வயரு. நானே மாத்தித் தர்றேன்” என்றேன். போன வருஷம் என் காருக்கு இதே வேலை நடந்தபோது நான் கூடவே இருந்தவன். கூடவே என்றால், ஒர்க்‌ஷாப் பெஞ்சில் உட்கார்ந்து பத்திரிகை படித்துக்கொண்டிருந்தேன். அதிலும் நான் எழுதிய பக்கத்தை.

ஆ லியோங்கின் உதிரிபாகக் கடையில் காரின் பெயரைச் சொன்னதும் அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

“மியூசியம் அந்தப் பக்கம் லா, பாஸ்.”

“ஓட்டறதுக்குத்தான் கேக்கறேன்.”

ஏணி போட்டு ஏறி, மேல் தட்டிலிருந்து ஒரு அட்டைப் பெட்டியை இறக்கித் தூசி தட்டினார். “இதான் கடைசி செட்டு. இனிமே கோலாலம்பூர்ல தேடணும். பாஸ், ஒண்ணக் கழட்டி ஒண்ண மாட்டுங்க. மொத்தமா புடுங்காதீங்க. இழுக்கறப்ப ரப்பர் தொப்பியப் புடிங்க, வயரப் புடிச்சு இழுக்காதீங்க.”

“தெரியும், தெரியும்” என்றேன். எனக்கு மிகவும் பழக்கமான சொல் அது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் வேலையைத் தொடங்கினேன். தெருவில் கொஞ்சம் கூட்டம் சேர்ந்தது. கூட்டத்தைப் பார்த்தால் எனக்கு மேடை என்று தோன்றிவிடும். நான்கு வயர்களையும் மொத்தமாகப் பிடுங்கி எடுத்தேன். அப்போதுதான் எஞ்சின் பார்க்கத் துப்புரவாக இருக்கும் என்று பட்டது. வெடிப்பு எப்படி இருக்கிறது என்று எல்லோருக்கும் விளக்கிக் காட்ட, அருகில் இருந்த கத்தரியால் அவற்றைத் துண்டு துண்டாக வெட்டினேன்.

“டேய், டேய்! அது சோங்கெட் வெட்டற கத்தரிடா!”

பழைய பிளக்குகள் அடுப்புக்கரி மாதிரி வந்தன. புதியவற்றின் முனை இடைவெளியை என் விசிட்டிங் கார்டைச் செருகிப் பார்த்தேன். அந்தக் கார்டு ஒரு காரியத்துக்குப் பயன்பட்டது அதுதான் முதல் தடவை. விரலால் திருகி உட்காரவைத்து, பிறகு ஸ்பானரால் அளவாக இறுக்கினேன். உண்மையைச் சொல்ல வேண்டும், இதுவரைக்கும் சரியாகவே செய்தேன். கூட்டம் இந்த இடத்தில் கலைந்து வீட்டுக்குப் போயிருந்தால் என் பெயர் நிலைத்திருக்கும்.

அப்புறம் வயர். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியில் நான்கு குழி, எஞ்சினில் நான்கு பிளக். எந்தக் குழியிலிருந்து எந்தப் பிளக்குக்கு? நடுவிலிருந்து இக்னிஷன் காயிலுக்குப் போகும் ஐந்தாவது வயர் ஒன்றும் உண்டு; அதற்கு ஒரே இடம்தான் என்பதால் அதில் மட்டும் என்னால் தப்புப் பண்ண முடியவில்லை. மற்ற நான்கையும் பள்ளிக்கூடத்து வரிசை மாதிரி முதலாவதுக்கு முதலாவது, இரண்டாவதுக்கு இரண்டாவது என்று மாட்டினேன்.

மாக் ஊடா சாவியைத் திருப்பினார்.

ஹரி ராயா பெருநாளுக்கு மூங்கில் பீரங்கி வெடிக்குமே, அப்படி ஒரு வெடி. புகைக்குழாய் கரும்புகை கக்கியது. பூனை கூரைக்குப் போனது. அடுத்த வீட்டுக்காரர், “செலாமாட் ஹரி ராயா!” என்று வேலிக்கு மேலால் கத்தினார். கைப்பேசியில் தேடினேன். முதல் வீடியோ வேறு காருக்கானது. அதைப் பார்த்து மாற்றியதும் இன்னொரு வெடி. இரண்டாவது வீடியோ தாய்லாந்து மொழியில் இருந்தது. அந்த மனிதர் மிகவும் நம்பிக்கையாகப் பேசினார், அதனால் நம்பினேன். இந்தத் தடவை வெடிக்கவில்லை. எதுவுமே நடக்கவில்லை. அது வெடியைவிட மோசமாக இருந்தது.

ஒர்க்‌ஷாப்புக்குப் போன் போட்டேன். கடையைச் சாத்திவிட்டு அந்த மெக்கானிக்கும் தாப்பா ஊரில் ஏதோ கல்யாணத்துக்குப் போய்க்கொண்டிருந்தார். விடிந்தால் சனிக்கிழமை. மாக் ஊடா மணப்பெண் உடைப் பெட்டியின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். திட்டவில்லை. திட்டியிருந்தால் பதில் சொல்லியாவது சமாளித்திருப்பேன். முக்காட்டுத் துணியின் ஓரத்தை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தார். வேடிக்கை பார்த்தவர்களும் வேறு வேலை ஞாபகம் வந்தவர்கள் போல ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள்.

மாக் ஊடா எதிர்ப்பக்கம் கையைக் காட்டினார்.

“ஜோதி. அங்க நிக்கறது யாரு காரு?”

“என் காரு.”

“என்ன காரு?”

“இதே…”

“அப்பறம் என்னடா? பள்ளிக்கூடத்துல பக்கத்துப் பையனப் பாத்து எழுதுனதே இல்லையா நீ?”

எழுதியிருக்கிறேன். அப்படித்தான் தேறியிருக்கிறேன். அது எப்படி மறந்தது என்றுதான் தெரியவில்லை. என் காரின் பானட்டைத் திறந்து, நான் ஒவ்வொரு வயராகப் பார்த்துச் சொல்ல, மாக் ஊடா தன் காரில் அந்தந்த வயருக்கு ஒரு நிற ரிப்பன் கட்டினார். ரோஜா நிறம், தங்க நிறம், பச்சை, வெள்ளை. எஞ்சின் நிச்சயதார்த்தத்துக்குத் தயாரானது போல இருந்தது.

தப்பாக மாட்டியிருந்தவற்றைக் கழற்றி மாற்றும்போது, அவசரத்தில் தங்க ரிப்பன் வயரை வயரிலேயே பிடித்து இழுத்தேன். வயர் கையோடு வந்தது. தொப்பியும் உள்ளே இருந்த உலோக முனையும் பிளக்கிலேயே தங்கிவிட்டன.

ஆ லியோங்கிடம் இருந்தது கடைசி செட்டு. பழைய வயர்களோ துண்டு துண்டாகத் தரையில் கிடந்தன, என் விளக்கவுரையின் நினைவாக. மாக் ஊடா அந்தத் துண்டுகளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அப்புறம் திறந்திருந்த என் கார் பானட்டைப் பார்த்தார். நானும் பார்த்தேன்.

இந்த முறை ரப்பர் தொப்பியைப் பிடித்து, மெதுவாகத் திருகி, பிள்ளையைத் தொட்டிலிலிருந்து எடுப்பது போல என் காரின் வயரை எடுத்தேன். “கடன்தான், மாக் ஊடா. கோலாலம்பூர்லேர்ந்து வந்ததும் குடுத்துரணும்.”

“குடுக்காம எங்க ஓடப்போறேன்? அதான் காரு ஓடலையே.”

தங்க ரிப்பன் என் வயருக்கு மாறியது. மாக் ஊடா பிஸ்மில்லா சொல்லிச் சாவியைத் திருப்பினார். ஒரு சின்னச் சிலிர்ப்பு. பிறகு வழவழவென்று ஓடியது. ஈரத்துணியைப் பிழிந்து எஞ்சின் மேல் தெளித்துப் பார்த்தேன், அசரவில்லை. ஜன்னலில் தலையை நீட்டி, காது கொடுத்துக் கேட்டு, அவர் தெருவே திரும்பிப் பார்க்கிற குரலில் கத்தினார்: “நோன்பு தொறந்திருச்சுடா!”

சனிக்கிழமை விடியும்போதே மழை. காக் யோங் ஹமிடா குடையோடு கேட்டில் வந்து நின்றதாகப் பிறகு எல்லோரும் சொன்னார்கள். மாக் ஊடா நேரே உள்ளே போகவில்லையாம். வேண்டுமென்றே கேட்டிலேயே காரை நிறுத்தி, எஞ்சினை அணைக்காமல், கண்ணாடியை இறக்கி, “பூப்பெட்டிய எங்கம்மா எறக்கறது? பொண்ணு குளிச்சாச்சா? தே ஓ தேத்தண்ணி போட்டாச்சா?” என்று ஊர்க்கதை அத்தனையும் கேட்டிருக்கிறார். கார் இருமவே இல்லை. மழையில் நின்ற காக் யோங்தான் இருமினார். “போதும் ஊடா, உள்ள வந்து தொலை” என்று அவரே கேட்டை அகலத் திறந்துவிட்டார்.

நானும் அழைக்கப்பட்டிருந்தேன். ஒரு வதந்தியை ஒழித்த மனிதன் வீட்டிலேயே உட்கார்ந்திருக்க முடியுமா? பாத்திக் சட்டை போட்டுக்கொண்டு, மூன்று காலில் நொண்டும் என் காரில் கிளம்பினேன். வழியெல்லாம் குலுக்கல். சங்காட் ஜெரிங்கில் திரும்பியபோது மாப்பிள்ளை ஊர்வலம் எனக்குப் பின்னால் வந்துவிட்டது. முன்னால் கல்யாண வீட்டு கேட். பின்னால் கொம்பாங் கொட்டுகிறவர்கள், குடைக்குக் கீழே மாப்பிள்ளை. வேகத்தைக் குறைத்தேன். கார் இருமியது. இன்னொரு தடவை இருமியது. கேட்டுக்கு நடுவில், இரண்டு தூணுக்கும் சரிமத்தியில், நின்றுவிட்டது.

கொம்பாங் நின்றது. பந்தலில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் கையை உயர்த்தியபடியே திரும்பினார்கள். காக் யோங்கின் முகத்தில் இருந்த பவுடர் மட்டும்தான் வெளுக்காமல் இருந்தது. நான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, கார் எனக்குச் சம்பந்தமில்லாதது போல் ஒரு முகம் வைத்துக்கொண்டேன்.

வீட்டு முகப்பில், பெண்ணை விசிறியால் மறைத்தபடி மாக் ஊடா நின்றிருந்தார். அங்கிருந்தே குரல் வந்தது:

“என்ன எல்லாரும் பாக்கறீங்க? அது மாப்ள காரும் இல்ல, மாக் அண்டாம் காரும் இல்ல. பத்திரிகைக்காரன் காரு! அது நின்னா அவன் கல்யாணம்தான் நிக்கும். அது எப்பவோ நின்னாச்சு, தள்ளுங்கடா!”

பந்தல் அதிர்ந்தது. காக் யோங்கே வாயில் முக்காட்டு ஓரத்தை வைத்துக்கொண்டு சிரித்தார். சோங்கெட் கட்டிய மாப்பிள்ளைத் தோழர்கள் நான்கு பேர் என் காரைத் தள்ளி வாழைமரத்தோரம் விட்டார்கள். கொம்பாங் மறுபடி தொடங்கியது. எனக்கு நாற்பத்தாறு வயது. இன்னும் கல்யாணம் ஆகவில்லை என்பதை அதுவரை அறியாதிருந்த சங்காட் ஜெரிங் மக்களும் அன்று அறிந்துகொண்டார்கள். கறியும் சோறும் நன்றாக இருந்தன. போகும்போது வழக்கப்படி அவித்த முட்டையும் பூவும் கொடுத்தார்கள். பந்தலிலேயே இரண்டு அம்மாக்கள் மாக் ஊடாவிடம் அடுத்த விடுமுறைக்குத் தேதி கேட்டதை, மூன்றாவது தட்டு சாப்பிட்டுக்கொண்டே பார்த்தேன்.

கோலாலம்பூர் செட்டு இன்னும் வரவில்லை. பொறுமை இழந்து, போன வாரம் வயரைக் கேட்டுப் போனேன். பானட்டைத் திறக்கக் கையை வைத்ததும், மாக் ஊடா உள்ளே ஓடி விசிறியை எடுத்துவந்து குறுக்கே பிடித்துக்கொண்டார்.

“சுங்கம்?”

“என் வயருக்கு நானே சுங்கமா?”

“ரிப்பன் கட்டி, அலங்காரம் பண்ணி, கல்யாண வீட்டுக்கெல்லாம் கூட்டிட்டுப் போயிருக்கேன். சும்மாவா அனுப்புவாங்க?”

பத்து வெள்ளியை நீட்டினேன். அவர் என்ன சொன்னார் என்று நான் எழுத வேண்டியதில்லை.

மார்க்கெட்டில் இப்போது புதிதாக ஒரு பேச்சு. என் கார் எந்த வாசலில் நிற்கிறதோ, அந்த வீட்டில் பத்திரிகையில் எழுதுகிற மாதிரி ஏதோ நடக்கப்போகிறதாம். மீன் வெட்டும் பெண், தன் வீட்டுப் பக்கம் வரவேண்டாம் என்று மீன் தலையோடு சேர்த்துச் சொல்லி அனுப்பினாள். இதை விசாரிக்கும் உத்தேசம் எனக்கு இல்லை. விசாரிக்கப் போக கார் வேண்டுமே.

இன்று காலை மழையில் மாக் ஊடா என் வீட்டைத் தாண்டிப் போனார், பின் இருக்கையில் பெட்டி, ஹாரனில் ஒரு சின்ன அழுத்து. எஞ்சினின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றேன். நாலும் அழகாக வேலை செய்கின்றன. அதில் ஒன்று என்னுடையது.